ஸ்டெல்லா அக்கா வூட்டு வியாழக்கெழம

இன்னைக்கு மத்தியானம் அரியலூர்ல ஒரு வூட்டு வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு, உள்ள போக மனசு வராம நின்னுக்கிட்டிருந்தேன்...

ஸ்டெல்லா அக்கா வூடு. அக்கா போயி பத்து நாளாச்சு.

அக்காவும் நானும் ஒரே சர்ச். ஆறு வருஷமா ஞாயித்துக்கெழம பக்கத்துப் பக்கத்துலதான் உக்காருவோம்.

"ஸ்தோத்திரம்க்கா." "ஸ்தோத்திரம்மா."

அவ்ளோதான் எங்க பேச்சு. ஆசீர்வாதம் முடிஞ்சதும் நான் ஸ்கூட்டிய எடுத்துட்டு ஓடிருவேன் (அடுப்புல ஒண்ணும் இருக்காது, இருக்குற மாதிரி ஓடுவேன்).

போன வருஷம் ஒருநாள் அவங்கள திருச்சி பஸ்ல பாத்தேன். தலையில முக்காடு போட்டுக்கிட்டு ஜன்னலோரமா தனியா உக்காந்திருந்தாங்க.

"எங்கக்கா, மக வூட்டுக்கா?"

"எனக்கு ஏதும்மா மக? ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

ஆறு வருஷம். அவங்களுக்குப் புள்ளைங்க இல்லைங்கறதுகூட எனக்குத் தெரியல.

கீழப்பழுவூர் தாண்டுனதும் அவங்களே சொன்னாங்க. மார்புல கேன்சர். அன்னைக்கு நாலாவது கீமோ. வூட்டுக்காரரு செல்வராசு அண்ணன் சிமெண்ட் லாரி ஓட்டுறவரு, லோடு போனா வர நாலு நாளாகும். அதனால தனியாவே போயி ஏத்திக்கிட்டு, தனியாவே பஸ் புடிச்சு வந்திருக்காங்க.

"சர்ச்ல ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா?"

"சொன்னேனே. ஜெப விண்ணப்பம் எழுதிப் போட்டேன், பேரு மட்டும் வேணாம்னேன். 'ஒரு சகோதரியின் சுகத்துக்காக'ன்னு பாஸ்டர் வாசிச்சாரு. நீகூட பக்கத்துல நின்னு ஆமென் சொன்னியேம்மா."

கோவமா சொல்லல. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க.

திருச்சியில எறங்குனதும், போன வேலைய விட்டுட்டு அவங்க கூடவே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அடுத்த தடவையிலேருந்து நான், சர்ச்ல இருக்குற லில்லி, ஜான்சி, மூணு பேரும் மாத்தி மாத்தி அவங்களோட போனோம். அதுபோக வியாழக்கெழம மத்தியானம் மூணு பேருமே அக்கா வூட்லதான்.

கூட்டம்னுலாம் ஒண்ணும் இல்ல. ஒருத்தி கஞ்சி வைப்பா, ஒருத்தி துணி மடிப்பா. வாய்ப்புண்ணால அக்காவுக்குப் பேச முடியாத அன்னைக்கு சும்மா பக்கத்துல படுத்துக் கெடப்போம்.

அப்படிக் கெடந்த ஒருநாள்தான், தனக்கு ரெண்டு தடவ கரு கலைஞ்சத லில்லி மொதமொதலா வாய்விட்டுச் சொல்லி அழுதா. அக்கா அவ தலைய எடுத்து மடியில வச்சுக்கிட்டாங்க.

நான் உண்மையா ஜெபம் பண்ணுனது அன்னைக்குத்தான்னு நெனைக்கிறேன். வார்த்தையே இல்லாம.

அக்கா பொழைக்கல.

அடக்கத்துக்கு சர்ச்சே தெரண்டு வந்துச்சு. "இந்தம்மாவுக்குக் கேன்சராமே, தெரியவே தெரியாதே"ன்னு பின்னாடி யாரோ சொன்னாங்க. கோவப்பட எனக்குத் தகுதி இல்ல. நானும் அப்படி இருந்தவதான்.

இன்னைக்கு வியாழக்கெழம. நாங்க யாரும் யாருக்கும் போன் பண்ணிக்கல. வாசல்ல நின்னுக்கிட்டே திரும்பிப் பாத்தா, தெருமுனையில லில்லியும் ஜான்சியும் வர்றாங்க.

கதவத் தொறந்தது செல்வராசு அண்ணன். சர்ச் பக்கமே வராத மனுஷன். எங்ககிட்ட நாலு வார்த்த சேந்தாப்ல பேசுனதில்ல.

"அவதான் இல்லையே, இனிமே வருவீங்களோ என்னமோன்னு நெனச்சேன்" அப்படின்னாரு. கதவ நல்லாத் தொறந்து விட்டுட்டு, "வியாழக்கெழமையாச்சேன்னு இன்னைக்கு லோடு வேணாம்னுட்டேன்."

உள்ள போனோம்.

அடுப்புல நாலு பேருக்குச் சோறு வெந்துக்கிட்டிருந்துச்சு.