மலை இறக்கத்தில் அணைந்த எஞ்சின்

டாக்சி ஓட்டும் சந்தியாகு எனக்கு நானூற்று எண்பது வெள்ளி கடன்பட்டிருந்தான். கியர்பெட்டி மாற்றிக் கொடுத்த கூலி. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, தோட்டத்து லாரியில் கை பழகி, பழைய ஜெர்மன் கார் ஒன்றைச் சொந்தமாக வாங்கியவன். யோக்கியன்தான், ஆனால் கடன் கொடுத்தவன் முகத்தைப் பார்க்கப் பயப்படுகிறவன். மலையடிவாரத் தாப்பாவில் என் பட்டறைப் பக்கம் வராமல் சுற்றிப் போவான். ஐந்தாம் வகுப்பு தாண்டாத நான் இந்தக் கையால் சம்பாதித்துக் கட்டிய பட்டறை அது. ஈப்போவிலிருந்துகூடக் கார் வரும். இவன் கார் வராது.

ஒருநாள் மலைமேல் ரிங்லெட்டில் நல்ல மழை. டாக்சி நிலையத்தில் அவன் கார் மட்டும் நின்றது. ஏறி உட்கார்ந்தேன். அவன் முகம் வெளுத்தது.

"தாப்பாவாண்ணே?"

"பின்ன, சிங்கப்பூருக்கா? எடுடா."

மலை இறக்கத்தில் முதல் பெரிய வளைவு. கிளட்சை மிதித்தான், எஞ்சின் அணைந்தது. எஞ்சின் ஓடாததால் இரண்டே மிதியில் பிரேக் கல்லாக இறுகியது. ஸ்டியரிங் திரும்ப மறுத்தது. இரண்டு கையாலும் அதில் தொங்கினான். ஓரத்தில் மூங்கில், அதற்குக் கீழே பள்ளம், ஆற்றின் இரைச்சல். எதிரே காய்கறி லாரி ஹாரனை அழுத்திக்கொண்டே வந்தது. எத்தனையோ வண்டிகளின் அடியில் படுத்தெழுந்த நானே கதவுப் பிடியை இறுகப் பற்றினேன்.

"மாதாவே! மாதாவே!"

"மாதா அப்புறம் வருவா! ரெண்டாவது கியரப் போட்டுக் கிளட்ச விடு!"

விட்டான். சக்கரம் எஞ்சினைச் சுழற்றியது. கார் முக்கி முனகி வேகம் குறைந்தது. லாரி எங்கள் கண்ணாடியை உரசிக்கொண்டு போயிற்று. பாறையோரம் நின்றோம்.

பானட்டைத் திறந்து, காற்றை அளக்கும் கருவியின் குழாயைக் கழற்றி உள்ளே விரல் விட்டேன். காற்று இழுக்க இழுக்கக் கதவுபோல் ஆடவேண்டிய தகடு பாதியில் ஒட்டி நின்றது; அதனால்தான் காற்று குறைந்தபோதும் பெட்ரோல் குறையாமல் ஊற்றி எஞ்சின் அணைந்திருக்கிறது. விரலெல்லாம் கறுப்புப் பிசின்.

"இதுல எதடா ஊத்தின?"

"இறுகிக்கிச்சேன்னு... தையல் மிஷின் எண்ணெய்ண்ணே."

"சட்டை தைக்கப் போறியா? எண்ணெய் இருந்தா வர்ற தூசியெல்லாம் அங்கயே குடியேறும். ஆக்சிலேட்டர் கம்பிக்கு ஊத்து, இதுக்கு ஊத்தாத. என்கிட்ட வந்தா என்ன?"

"நீங்க காசு கேட்பீங்களே."

"செத்திருந்தா கேட்டிருக்க மாட்டேன்!"

என் சாமான் பை எப்போதும் என்னோடு வரும். காய்ந்தால் பிசுக்கு விடாத மருந்தை அடித்து, துணியால் துடைத்து, மறுபடி அடித்து, நன்றாகக் காயவிட்டேன். விரலால் தள்ளியதும் தகடு வழுக்கிக்கொண்டு போய்த் தானே திரும்பி மூடியது. இந்த வேலையில் எனக்கு ஈடு மலைக்கு மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

இருந்தாலும், அடுத்தடுத்த வளைவுகளில் அவன் கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் நான் மூச்சை அடக்கினேன். எஞ்சின் அணையவில்லை.

பட்டறை வாசலில் இறங்கினேன். அவன் கால்விரிப்பின் அடியிலிருந்து ஓர் உறையை எடுத்தான்.

"பழைய சாமான் கடையில அந்தக் கருவிக்கு ஐந்நூறு சொன்னாண்ணே. பயந்து பயந்து அதுக்குத்தான் சேத்தேன். நீங்கதான் சரிபண்ணிட்டீங்களே, இனி வேற கருவி எதுக்கு?"

கையை நீட்டினேன். ஐம்பது ஐம்பதாகவும் பிறகு பத்துப் பத்தாகவும், நானூற்று எண்பதையும் என் உள்ளங்கையில் எண்ணி வைத்தான்.