குளோரி அக்கா உடைத்த கேமரா

என் அத்தான் ஞானையன் மஸ்கட்டில் ஒரு குடோனுக்குக் காவல் நின்றவர். மார்த்தாண்டத்துக்குத் திரும்பி வந்தபோது என்ஜினியர் ஆகியிருந்தார். ஃபேன் மாட்ட வருகிறவனுக்கும் போர் போட வருகிறவனுக்கும் அவர்தான் வேலை சொல்லிக் கொடுப்பார். தானாக ஒரு பல்பு மாட்டி நான் பார்த்ததில்லை.

அங்கிருந்து அவர் கொண்டுவந்த ஒரே உருப்படியான சாமான் ஒரு ஜப்பான் ஃபிலிம் கேமரா. மகள் ரெஜிஷா முதல்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை அன்று, வெள்ளை கவுனும் தலையில் பூக்கிரீடமுமாகப் பிள்ளை கோயில் முற்றத்தில் நிற்க, கேமராவின் பட்டன் அமுங்கவில்லை. ஒரு படம்கூட எடுக்க முடியவில்லை. முந்தின நாள் அதைத் துணியால் துடைத்தது என் அக்கா குளோரி. அது போதாதா? அவள்தான் உடைத்தாள் என்று தீர்ப்பாகிவிட்டது. ரிப்பேருக்குக் கொடுத்தாரா என்றால் அதுவும் இல்லை. நாகர்கோவிலில் இருக்கிறவன்களுக்கு என்ன தெரியும் என்று டவலில் சுற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

அதன்பிறகு அந்த வீட்டில் அக்காவின் கைக்கு மதிப்பில்லை. டிவி ரிமோட்டை எடுத்தால்கூட, "அத வைட்டீ. கேமராவ முடிச்ச கையில்லா" என்பார். மகளும் அதைக் கேட்டே வளர்ந்தாள். தன் புதுநன்மைக்குப் படமே இல்லாமல் போனது அம்மாவால்தான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மீன் நறுக்குவாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

போன மாதம் ரெஜிஷா லீவுக்கு வந்தாள். அயர்லாந்தில் நர்ஸ். அங்கே பிள்ளைகள் மறுபடியும் ஃபிலிமில்தான் படம் எடுக்கிறார்களாம். அப்பாவின் கேமராவுக்கென்று ஒரு ரோலும் வாங்கி வந்திருந்தாள். "மாமா, நீங்க ஒண்ணு நோக்குங்க" என்று என்னைக் கூப்பிட்டாள்.

அத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உள்ள ஸ்பிரிங் ஒடிஞ்சாச்சு. லிவரும் இழுக்க வராது. வெறுதே மெனக்கெடாத."

ஸ்பிரிங் ஒடிந்ததை எந்தக் கண்ணால் பார்த்தாரோ. புது பேட்டரி போட்டேன். உள்ளே வெளிச்சம் காட்டுகிற ஊசி அசைந்தது. ஃபிலிமைச் சுற்றுகிற லிவர் நகரவில்லைதான். ஆனால் ஏற்கெனவே முழுக்க இழுத்து வைத்த லிவர் மறுபடி எப்படி நகரும்? பட்டனை அமுக்கினால்தானே அது விடும்? அப்படியானால் பட்டனைத்தான் ஏதோ தடுக்கிறது. பட்டனைச் சுற்றி ஒரு சின்ன வளையம் இருந்தது. பைக்குள் தெரியாமல் அமுங்கிவிடக் கூடாதென்று போடுகிற பூட்டு அது. நகத்தால் திருப்பிவிட்டு அமுக்கினேன். டக்கென்று அடித்தது.

அவ்வளவுதான் கோளாறு. இதற்காகவா பதினெட்டு வருஷம் என் அக்காவைப் போட்டு வாட்டினான் இந்த மனுஷன்!

"பாத்தியா?" என்றார் அத்தான். "ஒருத்தரையும் தொட விடாம நான் பத்திரமா வச்சதுனாலதான் இப்பவும் ஓடுது."

ரெஜிஷா அவரையே பார்த்தாள். "அப்பா, அப்போ அம்மா உடைக்கல்லியா?"

"உடைச்சான்னு யாரு சொன்னா? கேடாச்சுன்னுதான சொன்னேன்."

அடுக்களையிலிருந்து அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "நீங்க பையில வைக்கும்போ அந்த வளையத்தத் திருப்பினிய. அத மறுபடி திருப்புங்கன்னு கோயில் முற்றத்தில வச்சே சொன்னேன். மிண்டாத, வாய மூடிட்டு நில்லுட்டீன்னிய. நின்னேன்."

அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. கோபப்படுகிற அளவுக்கு அவரை மதிப்பதை அவள் எப்போதோ நிறுத்தியிருந்தாள்.

ரெஜிஷாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. புது ரோலைப் போட்டு, லிவரை இழுத்து, கேமராவை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு முற்றத்தில் போய் நின்றாள். அத்தானும் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, மகளுக்குப் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

அக்கா கேமராவைக் கண்ணில் வைத்துப் பார்த்தாள்.

"நீங்க மாறி நில்லுங்க" என்றாள். "எம் பிள்ளைய மட்டும் எடுக்கணும்."