சினிக்காவின் கையெழுத்துப் போட்ட தட்டுகள்

சினிக்கா துருனென் தன் வாழ்நாளில் பாதிக்கு மேல் வாத்துகளுக்குக் கண் வைப்பதில் கழித்தவள். கூசிலம்பி என்ற ஊரில் ஏரிக்கரையை அடைத்துக்கொண்டு நிற்கும் பொம்மைத் தொழிற்சாலையில் அச்சு இயந்திரம் அவள் பொறுப்பு. மணல் வாளி, பனியில் சறுக்கும் வண்டி, குளியல் தொட்டி வாத்து என்று எல்லாம் வார்ப்பு அறையிலிருந்து மொட்டையாக வரும். கண், பூ, தொழிற்சாலை முத்திரை எல்லாம் அவள் கையால் ஏறும். புருஷன் நார்வேக்கு மீன் வேலைக்குப் போனவன் அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டான். அதற்காக அவள் ஒரு வாரம் அழுதாள், பிறகு அவன் கோடாரியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனாள்.

காட்டில் அப்போது ஊர்க்காரர்கள் சேர்ந்து தட்டு கோல்ஃபுக்குப் பாதை வெட்டிக்கொண்டிருந்தார்கள். மரங்களுக்கு நடுவே தட்டை வீசி வீசிப் போய், சங்கிலி தொங்கும் இரும்புக் கூடையில் விழவைக்கிற ஆட்டம். கூலி கிடையாது, வேலை முடிந்தால் ஒரு கிண்ணம் பட்டாணி சூப், அவ்வளவுதான். பாதை வெட்டப் போனவள் அப்படியே ஆட்டக்காரி ஆனாள். கை நீளம், இடுப்பில் வலு, வாயில் பேச்சு குறைவு. நாற்பது தாண்டிய பெண்களுக்கான மாகாணப் போட்டியில் ஜெயித்துக் கோப்பை வாங்கி வந்தபோது, எப்போதும் கூடவே ஆடும் ஐலா சொன்னாள்: "வாத்து மூஞ்சியையே பாத்துக்கிட்டிருந்தவளுக்கு வந்த வாழ்வைப் பாரு!" பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கும் ஐலாவுக்கு வாய்தான் சொத்து. அந்தப் போட்டியில் அவளுக்கு நாலாவது இடம்.

நாடே தட்டு வீசக் கிளம்பிய பிறகு, தொழிற்சாலை முதலாளி யார்க்கோவுக்கு மூக்கு வேர்த்தது. தாத்தா ஆரம்பித்த தொழிலைப் பேரன் நடத்திக்கொண்டிருந்தான். பிள்ளைகளெல்லாம் கைபேசியைப் பார்க்கப் போய்விட்டார்கள், வாளி விற்கவில்லை. தட்டும் பிளாஸ்டிக், வாளியும் பிளாஸ்டிக். இதில் என்ன பெரிய வித்தை என்று நினைத்துவிட்டான்.

ஒரு நாள் காபி நேரத்தில் அவனே சினிக்காவின் மேசைக்கு வந்தான். முதலாளியையும் பேர் சொல்லி நீ என்று பேசுகிற ஊர் அது. அந்தச் சமத்துவம் வாயோடு சரி.

"சினிக்கா, நாம தட்டு போடப் போறோம். உன் பேர்லயே போடலாம்னு இருக்கேன்."

"என் பேர்லயா? நான் என்ன உலக சாம்பியனா?"

"நம்ம ஊரு, நம்ம காடு, நம்ம ஆளு. ஜனங்களுக்கு அதுதான் பிடிக்கும். மாதிரி தரேன், வீசிப் பாரு. பிடிக்கலன்னா வேணாம்."

மாதிரித் தட்டுகள் நன்றாகத்தான் இருந்தன. அதை மறைக்க வேண்டியதில்லை. கையில் வழுக்கவில்லை, பைன் மரத்தில் மோதினாலும் நசுங்கித் திரும்ப நிமிர்ந்தன. கோடை முழுக்க அவற்றைத்தான் வீசினாள். சம்மதம் என்று சொன்னபோது காசு எதுவும் கேட்கவில்லை. ஒரு பை தட்டும், ஏரிக்கரையில் எடுத்த ஒரு படமும்தான் கிடைத்தன. கடைவாசலில் ஆளுயரத்துக்குத் தன் படத்தைப் பார்த்த அன்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ரொட்டி வாங்க என்று அந்தக் கடைக்கு அந்த வாரம் அவள் எத்தனை தரம் போனாள் என்பது கடைக்காரிக்குத் தெரியும்.

தட்டின் மேல்பக்கம் முழுவதையும் தொழிற்சாலையின் வாத்து முத்திரை பிடித்துக்கொண்டது. அதனால் அவள் கையெழுத்தை அடிப்பக்கம் போட்டார்கள். பேனாவால் எழுதியது போலவே கறுப்பாக, கொஞ்சம் சாய்வாக. பொம்மைக்காரனுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு: இந்த ஆட்டத்தில் அடிப்பக்கம் தட்டின் சொந்தக்காரர் பெயர் எழுதும் இடம். காட்டில் தொலைந்த தட்டைக் கண்டெடுத்தவர் பெயரைப் பார்த்து உரியவரிடம் கொண்டுபோய்க் கொடுப்பார். ஆடுகிறவர்கள் மட்டுமல்ல, பழம் பொறுக்கப் போகிறவரும் நாயோடு நடக்கிறவரும் கொடுப்பார்கள். கொடுக்காதவனைக் கூசிலம்பியில் திருடன் என்பார்கள். சினிக்காவுக்கு இது தெரியாதா? தெரியும். மேலே வாத்து, கீழே தான் என்பதுதான் அவள் கண்ணில் பட்டது. அதற்கு மேல் யோசிக்கவில்லை.

உற்பத்தி தொடங்கியதும் தட்டுகள் அவள் இயந்திரத்துக்கு வந்தன. முதல் பெட்டியைத் திறந்தாள். நீலத் தட்டுக்குள் சிவப்புத் துணுக்குகள். வாத்தின் மஞ்சள்கூட அங்கங்கே தெரிந்தது. விலைபோகாத வாளிகளையும் உடைந்த சறுக்கு வண்டிகளையும் அரைத்து உருக்கி ஊற்றியிருந்தார்கள். விரலால் வளைத்தாள். வளைய மறுத்தது. மாதிரிக்கு ஒரு பிளாஸ்டிக், சந்தைக்கு ஒரு பிளாஸ்டிக்!

அன்றே போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் கடைவாசலில் அவள் படம் நின்றுகொண்டிருந்தது. வெயிலில் உடையாது, பார்த்துக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தன் பெயரைத் தன் கையாலேயே ஒவ்வொரு தட்டிலும் குத்தி அனுப்பினாள்.

முதல் உறைபனி விழுந்த வாரம் பக்கத்து வீட்டு வொய்த்தோ கதவைத் தட்டினார். எண்பதைத் தொட்ட கிழவர், தட்டு கோல்ஃபைப் பைத்தியக்கார வேலை என்கிறவர். கையில் பழ வாளி. மேலே காட்டுச் சிவப்புப் பழம், அடியில் உடைந்த தட்டுகள்.

"உன் சாமானு, இந்தா. காடெல்லாம் போட்டு வச்சிருக்கியே."

"இது என்னுது இல்ல, வொய்த்தோ."

கிழவர் கண்ணாடியை மாட்டி, ஒரு பாதித் தட்டைத் திருப்பிக் காட்டினார். "உன் பேருதானே? உன் கையெழுத்துதானே? நான் என்ன குருடனா?"

"அது கம்பெனி போட்டது. கடையில வாங்கி யார் யாரோ வீசுறாங்க."

"அப்ப எதுக்கு உன் பேரு?" என்றார் அவர். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். சினிக்கா வாளியிலிருந்து சில்லுகளைப் பொறுக்கி எடுத்தாள். "பழத்துல சில்லு கிடக்குது. என் பல்லு போச்சுன்னா நீதான் கட்டணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதோடு நிற்கவில்லை. குளிர் ஏற ஏறத் தட்டுகள் கண்ணாடி மாதிரி நொறுங்கின. கூடையின் சங்கிலியில் பட்டே இரண்டாகப் பிளந்தன. கண்டெடுத்தவர்கள் வழக்கப்படி கொண்டுவந்தார்கள். சிலர் வெள்ளந்தியாக, சிலர் வேண்டுமென்றே. தபால் பெட்டிக்குள் சில்லு, வாசற்படியில் சில்லு, சைக்கிள் கூடையில் சில்லு. ஒவ்வொன்றிலும் அவள் பெயரில் ஒரு துண்டு. பனி கொட்டி மூடியபோது கொஞ்சம் மூச்சு விட்டாள். வசந்தத்தில் பனி உருகியதும் காடு பல்லை இளித்தது. பாசியின் மேல், எறும்புப் புற்றின் மேல், அவர்கள் கோடாரியால் வெட்டிய பாதை நெடுக, நீலமும் மஞ்சளுமாகக் குப்பை. நரியின் எச்சத்தில்கூட ஒரு நீலச் சில்லைப் பார்த்தாள். அந்த இடத்திலேயே குனிந்து வாந்தி எடுத்தாள்.

தட்டு கோல்ஃப் மன்றத்தின் சனிக்கிழமை நீராவிக் குளியலில் ஐலா அவளை விடவில்லை. கல்லின் மேல் தண்ணீரை ஊற்றிக்கொண்டே ஆரம்பித்தாள்: "தள்ளி உக்காருங்கடி, நட்சத்திரம் வியர்க்குது."

மற்றப் பெண்கள் சிரித்தார்கள்.

"ஐலா, போதும்."

"எது போதும்? என் தங்கச்சி மகனுக்குப் பிறந்தநாளுக்கு உன் தட்டைத்தான் வாங்கிக் கொடுத்தேன். மூணாவது வீச்சுலயே உடைஞ்சு கையைக் கிழிச்சிடுச்சு. நானா இருந்தா என் பேரை இப்படித் தெருவுல விட மாட்டேன். செத்தாலும் மாட்டேன்."

சினிக்கா நிர்வாணமாக உட்கார்ந்திருந்தாள். அதைவிட அதிகமாக உரிக்க ஒன்றுமில்லை என்று தோன்றியது. ஐலா சொன்னதில் பொய் ஒரு சொல்லும் இல்லை, அதுதான் எரிந்தது.

திங்கட்கிழமை நேரே யார்க்கோவின் அறைக்குப் போனாள். வேலை போனாலும் போகட்டும், பெயர் திரும்ப வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் போனாள். ஒரு பை நிறைய உடைந்த தட்டுகளை அவன் மேசையில் கொட்டினாள்.

"மாதிரிக்குப் போட்ட பிளாஸ்டிக் எங்க, யார்க்கோ?"

அவன் ஒரு சில்லை எடுத்துப் பார்த்தான். வெட்கப்படவில்லை, கோபப்படவும் இல்லை. "அது விலை ஜாஸ்தி. குழந்தைங்க வாளியையும்தான் உடைக்குது. உடைஞ்சா அடுத்தது வாங்குறாங்க. தாத்தா காலத்துலருந்து இதுலதான் நாம சோறு தின்னுறோம், நீயும்தான்."

"இது பொம்மை இல்ல. பிள்ளைங்க கையைக் கிழிக்குது, காட்டை நாசம் பண்ணுது. என் பேரை எடுத்துடு."

எதிர்ப்பான், மிரட்டுவான், ஒப்பந்தம் என்பான் என்று நினைத்து இரவெல்லாம் பதில்களை அடுக்கி வைத்திருந்தாள். ஒன்றுக்கும் வேலை இல்லாமல் போயிற்று.

"சரி, எடுத்துடலாம்" என்றான் யார்க்கோ. "ஒரு மணி நேர வேலை. இந்த வருஷம் எப்படியும் புது முகம் போடலாம்னு இருந்தோம். உன் மேல எனக்கு வருத்தம் எதுவும் இல்ல, சினிக்கா. வேலையைப் பாரு."

அவ்வளவுதான். இத்தனை நாள் அவள் தூக்கம் கெட்டுக் காத்த பெயர், அவனுக்கு வாத்தின் கண் போல மாற்றக்கூடிய ஒரு அச்சு. கடைவாசலில் இருந்த படத்தையும் அன்று மாலையே எடுத்துவிட்டார்கள். எடுத்த ஆள் அதை மடித்துக் குப்பைத்தொட்டியில் திணித்ததை அவளே பார்த்தாள். நிம்மதி வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

வார முடிவில் ஐலா வந்தாள். கையில் ஏலக்காய் ரொட்டி. ஐலா ரொட்டியோடு வந்தால் ஏதோ காரியம் இருக்கிறது என்று அர்த்தம். காபி ஊற்றிக் கொடுக்கும்வரை வானிலை பேசினாள்.

"யார்க்கோ என்னைக் கூப்பிட்டான்" என்றாள் கடைசியில்.

"எதுக்கு?"

"எதுக்குன்னு உனக்குத் தெரியாதா?"

சினிக்கா கோப்பையைக் கீழே வைத்தாள். "அது உடையுதுன்னு உனக்குத் தெரியும். தங்கச்சி மகன் கையைக் கிழிச்சதுன்னு நீதானே சொன்ன?"

"தெரியும். நான் மாட்டேன்னா வேற எவளாவது போடுவா. எப்படியும் உடையப் போறது, என் பேர்ல உடைஞ்சா என்ன கெட்டுப் போச்சு?"

"செத்தாலும் மாட்டேன்னு சொன்னியேடி!"

"சொன்னேன்." ஐலாவின் கழுத்து சிவந்தது. "உன்கூட இத்தனை வருஷம் ஆடியிருக்கேன். எப்பவும் உன் பேருதான். என் பேரை மன்றத்துலயே பாதிப் பேரு தப்பா எழுதுறாங்க. எனக்கும் ஒரு தடவை வரட்டுமே, அந்தக் கடைவாசல்ல நானும் ஒரு தடவை நிக்கிறேனே."

சினிக்காவுக்கு அருவருப்பாக இருந்தது. ஐலா மேலா, யார்க்கோ மேலா என்று பிரிக்க முடியவில்லை. ஏனென்றால் அந்த ஆசை எப்படி இருக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ரொட்டி வாங்கும் சாக்கில் கடைக்கு நடந்த கால்கள் அவளுடையவைதான். எழுந்து போடி வெளியே என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"படம் எடுக்கறப்ப என்ன போட்டுக்கிட்ட?" என்று கேட்டாள் ஐலா. "என்கிட்ட சிவப்புக் கோட்டு ஒண்ணு இருக்கு, பச்சை ஒண்ணு இருக்கு."

"பச்சை வேணாம். மரத்தோட மரமாப் போயிடுவ" என்றாள் சினிக்கா.

சொன்ன பிறகுதான் தன் குரலைத் தானே கேட்டாள். ஐலா தலையாட்டி, இன்னொரு துண்டு ரொட்டி எடுத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் புதிய அச்சு வந்தது. முதல் தட்டில் ஐலாவின் பெயர் சரியாக விழவில்லை. முதல் எழுத்து பாதிதான் பதிந்திருந்தது. நீலத்துக்குள் அதே சிவப்புத் துணுக்குகள். அப்படியே விட்டிருக்கலாம். சினிக்கா இயந்திரத்தை நிறுத்தினாள், அச்சைத் துடைத்தாள், நேராக வைத்து முடுக்கினாள், திரும்ப ஓட்டினாள். இரண்டாவது தட்டில் பெயர் முழுதாக, அழகாக விழுந்தது. அதைப் பார்த்து, நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்த அந்த நொடியில், தன் முகத்தில் தானே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது அவளுக்கு.