கதவு எண் இல்லாத புகார்கள்

நகராட்சி அலுவலகத்தில் அவளுக்கு 'கதவு எண் அக்கா' என்று பெயர். புகார் சொல்ல யார் போன் செய்தாலும், வணக்கத்துக்கு முன்னால் கதவு எண்ணைக் கேட்டுவிடுவாள். அவளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அந்தக் கட்டத்தை நிரப்பாவிட்டால் கம்ப்யூட்டர் இம்மியும் நகராது. பதினோரு வருடமாக அதோடு மல்லுக்கட்டுகிறாள்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், குப்பை எரிக்கும் உலையை ஒட்டி நானூறு வீடுகள். ஒன்றுக்கும் கதவு எண் கிடையாது. அவளுடைய தங்கை வாழ்க்கைப்பட்டது அங்கேதான். இப்போது நாலு படி ஏறினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். அங்கிருந்து வரும் புகார்களை அக்கா ஒரு நோட்டில் எழுதி வைத்தாள். அந்த நோட்டை யாரும் சீந்தவில்லை.

போன மாதம் அலுவலகத்தில் 'சுற்றுச்சூழல் நீதிப் பிரிவு' முளைத்தது. புதுப் பலகை, புது நாற்காலி, அதில் ஒரு இன்ஜினியர். புகார் குறைந்த இடத்தில்தான் இரண்டாவது உலையைக் கட்டுவார்களாம். அதற்குப் பெயர் நீதியாம்! இன்ஜினியர் வரைபடத்தை விரித்தார். பங்களாத் தெருக்களில் சிவப்புப் புள்ளிகள் மொய்த்தன. வாய்க்கால் பக்கம் வெள்ளை வெளேரென்று கிடந்தது.

"பாருங்க, ஒரு புகார்கூட இல்ல. ரொம்பப் பொறுமையான சனங்க," என்றார்.

அக்கா நேராகப் போய் நோட்டை எடுத்தாள். மதியச் சாப்பாட்டைக்கூடத் தொடாமல், நோட்டிலிருந்த நாற்பத்து மூன்று உலைப் புகார்களையும் ஏற்றினாள். கதவு எண் கேட்ட இடத்திலெல்லாம் தன் வீட்டு எண்ணையே போட்டாள். எப்படியாவது உள்ளே போனால் சரி என்று நினைத்தாள், பாவம்.

மூன்றாம் நாள் ஆய்வாளர் வந்தார், அவள் வீட்டுக்கு. கூடத்தில் நின்று நாலு பக்கமும் மோந்து பார்த்தார்.

"இங்க இல்ல சார், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். ஒரு எட்டு வந்து பாருங்க," என்று கெஞ்சினாள்.

"புகார்ல இருக்கற இடத்தத்தாம்மா நான் பாக்க முடியும்."

'புகை இல்லை, நாற்றம் இல்லை' என்று எழுதி, ஒரே கையெழுத்தில் நாற்பத்து மூன்றையும் முடித்துவைத்தார். இனி உலையைப் பற்றி யார் வாய் திறந்தாலும் 'ஏற்கெனவே விசாரிக்கப்பட்டது' என்றுதான் பதில் வரும். மறுநாளே இரண்டாவது உலைக்கு அனுமதி கையெழுத்தானது. தங்கையிடம், புகாரையெல்லாம் ஏற்றிவிட்டேன் என்பதோடு அக்கா நிறுத்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை தங்கையே போன் செய்தாள். இருமலுக்கு நடுவே குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"அக்கா, லாரி வந்திருச்சு! செங்கல்லா இறக்குறாங்க. எங்கக்கா புகார் ஏத்தினதாலதான்னு தெருவுக்கே சொல்லிட்டேன். உலை வாய அடைக்கத்தானேக்கா?"