எழுபத்தைந்து லட்ச ரூபாய் வண்டியும் அன்புச்செல்வி அக்காவும்

சென்னையில் ஆக்டிங் டிரைவர் என்றால், கார் வைத்திருப்பவர்கள் தேவைப்படுகிற நாளில் மட்டும் போன் போட்டுக் கூப்பிடுகிற டிரைவர். எங்கள் பக்கத்து வீட்டு அன்புச்செல்வி அக்கா பதினோரு வருடமாக இந்த வேலை செய்கிறாள். போன் வந்தால் வேலை, வராவிட்டால் பெரும்பாக்கம் குடியிருப்பின் ஆறாவது மாடியில் போனையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான்: மாதச் சம்பளம்.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் அக்காவைத் துணைக்குக் கூட்டிப்போவார்கள். வெள்ளத்தில் மூழ்கிய காரை அவள் மாதிரி யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். 2015 வெள்ளத்தில் அடையாற்றங்கரையில் இருந்த அவள் வீடு கழுத்தளவு தண்ணீரில் நின்றது. அப்புறம்தான் அரசு பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்தது. தண்ணீரில் ஊறிய பொருள் எப்படி நாறும், எங்கே கறை விடும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சீட் பெல்ட்டைக் கடைசிவரை உருவிப் பார்ப்பாள். “மேல இருக்கிறத கழுவிடுவானுங்க. உள்ள சுத்திக்கினு கீதே கடைசி முழம், அத எவனும் கழுவ மாட்டான். அங்க சேறு இருந்தா கார் முழுவிச்சுன்னு அர்த்தம்” என்பாள்.

மயிலாப்பூர் சித்திரக்குளத்துப் பக்கம் சுவாமிநாதன் சார் என்று ஒரு ஆடிட்டர். ஓய்வு பெற்றவர். இரண்டு வருடமாகத் தினமும் சாப்பிட்டுவிட்டு எலெக்ட்ரிக் கார் வீடியோவாகப் பார்த்துக்கொண்டிருந்தார். புதிய வண்டி கோடிக்கு மேல், கட்டுப்படியாகாது. அடையாறு காந்தி நகரில் நான்கு வருடம் ஓடிய ஜெர்மன் கார் ஒன்று எழுபத்தைந்து லட்சத்துக்கு வருகிறது என்று தெரிந்ததும் அக்காவைக் கூப்பிட்டார்.

“அன்பு, நீ பாத்துட்டு சரின்னு சொல்லு. வாங்கிடறேன். வாங்கினா நீயே பர்மனென்ட்டா வந்துடு. இவ்ளோ பெரிய வண்டியைத் தெனம் ஒருத்தர் கையில குடுக்க முடியாது.”

அக்கா அன்றிரவு தூங்கவில்லை என்று அவள் மகள் என்னிடம் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சாரின் பழைய காரில் இருவரும் காந்தி நகருக்குப் போனார்கள். அடுக்குமாடியின் அடித்தளத்தில் கார் நின்றது. அடர் பச்சை நிறம். பக்கத்தில் புரோக்கர் தௌசீஃப், மாப்பிள்ளைத் தோழன் மாதிரி சட்டை போட்டுக்கொண்டு நின்றார். வண்டி முடிந்தால் அக்காவுக்கு மாதச் சம்பளம் என்று சார் போனிலேயே அவரிடம் சொல்லியிருந்தார். காரின் சொந்தக்காரர் மஹதி மேடம், சொந்தமாக சாஃப்ட்வேர் கம்பெனி நடத்துபவர், கொஞ்சம் தள்ளி நின்றார்.

“சார், நின்ன எடத்துலேர்ந்து நூறு கிலோமீட்டர் வேகம், மூணே செகண்ட்!” என்றார் தௌசீஃப்.

“லஸ் கார்னர் சிக்னல்ல மூணு செகண்ட்ல நான் எங்கப்பா போறது?” என்றார் சார். ஆனால் கை காரைத் தடவிக்கொண்டிருந்தது. பேட்டரி ரிப்போர்ட்டை வாங்கி, வருமானவரிக் கணக்கைப் பார்ப்பதுபோல ஒரு வரி விடாமல் படித்தார். அதில் குறையொன்றும் இல்லை.

எலெக்ட்ரிக் காருக்கு முன்னால் இன்ஜின் கிடையாது. அந்த இடத்தில் சின்னதாக இன்னொரு டிக்கி. அக்கா முதலில் அதைத்தான் திறந்தாள். குனிந்ததும் ஈர வாடை முகத்தில் அடித்தது. செல்போன் வெளிச்சத்தில் பக்கச் சுவரில் வெள்ளையாக ஒரு தண்ணீர்க் கோடு தெரிந்தது. அவ்வளவுதான், அடையாற்றங்கரை வீடு கண்முன் வந்துவிட்டது; டிக்கியைப் படாரென்று மூடினாள்.

“சார், வேணாம். தண்ணில நின்ன வண்டி இது.”

“அக்கா! இன்னா பேசற நீ?” என்று தௌசீஃப் குறுக்கே வந்தார். “மிக்ஜாம் புயல் வெள்ளம் வந்தப்பவே மேடம் இத வேளச்சேரி பாலத்து மேல ஏத்தி நிறுத்தினாங்க!”

“பாலத்து மேல நின்ன வண்டிக்குள்ள தண்ணிக் கோடு எப்டி பாய் வரும்?”

தௌசீஃப் மேடத்தைப் பார்த்தார். மேடம் தரையைப் பார்த்தார். சாருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. “மன்னிக்கணும், நாங்க கெளம்பறோம்” என்று திரும்பிவிட்டார். வேலை போனது என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டது.

பழைய காரில் ஏறி உட்கார்ந்து, தன் சீட் பெல்ட்டை இழுத்தபோது அவள் கை நின்றது. அந்த வண்டியின் பெல்ட்டை அவள் உருவிப் பார்க்கவே இல்லை. பதினோரு வருடத்தில் அதைப் பார்க்காமல் ஒரு வண்டியைப் பற்றியும் வாய் திறந்ததில்லை. வாடை வந்ததும் பயம்தான் பேசியிருக்கிறது.

“சார், ஒரு நிமிஷம். நான் அவசரப்பட்டுட்டேன்.”

அவள் இறங்கி வருவதைப் பார்த்த தௌசீஃப் சத்தமாகவே சிரித்தார். “இன்னாக்கா, மாசச் சம்பளம் ஞாபகம் வந்துடுச்சா?”

அக்காவுக்கு முகம் சுட்டது. இப்போது ‘நல்ல வண்டி’ என்று சொன்னால் வேலைக்காகச் சொன்னதாகத்தான் நினைப்பார்கள். தப்பான வார்த்தையை அப்படியே விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை. சார்கூட, “என்ன அன்பு, மாத்தி மாத்தி சொல்றியே” என்றார். அவள் ஐந்து பெல்ட்டையும் ஒவ்வொன்றாகக் கடைசிவரை உருவினாள். ஐந்தும் சுத்தம். கார்ப்பெட்டைத் தூக்கினாள். காய்ந்திருந்தது. முன் டிக்கியை மறுபடி திறந்து, இந்தத் தடவை அடியில் விரித்திருந்த பாயைச் சுருட்டினாள்.

கீழே அச்சு வைத்த மாதிரி இரண்டு வெள்ளை வட்டம்.

அக்கா அதை விரலால் சுரண்டிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, “மேடம், எத்தினி லிட்டர் குடம்?” என்று கேட்டாள்.

மஹதி மேடத்துக்கு முதலில் முகம் சிவந்தது. அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. “பன்னெண்டு” என்றார்.

“குடமா?” என்றார் சார்.

“போன மே மாசம் எங்க போர்வெல் வத்திப்போச்சு சார். லாரித் தண்ணி நாலு நாளைக்கு ஒரு தடவை. அம்மா ஆத்துக் கெணறு மந்தைவெளில இருக்கு. ஆஃபீஸ்லேர்ந்து வரச்சே தெனம் ரெண்டு குடம் எடுத்துண்டு வருவேன். ஸ்பீட் பிரேக்கர்ல எல்லாம் தளும்பி டிக்கிலயே தேங்கும். கோடி ரூபா வண்டில தண்ணி சுமந்தேன்னு எப்படிச் சொல்றது? அதான் பேசாம இருந்துட்டேன்.”

“வெள்ளத் தண்ணி கருப்பா கறை விடும் சார்” என்றாள் அக்கா. “இது வெள்ளை. கெணத்து உப்பு. எங்க வீட்டுத் தரையிலயும் இதே வட்டம் கீது. மொதல்ல நான் சொன்னது தப்பு. வண்டி நல்ல வண்டி. நீங்க நம்பணும்னு இல்ல, பெல்ட்ட நீங்களே இழுத்துப் பாருங்க.”

சார் ஐந்து பெல்ட்டையும் இழுத்துப் பார்த்தார். கடைசி முழத்தைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். ஆடிட்டர் அல்லவா. பிறகு தௌசீஃப் பக்கம் திரும்பி, “சம்பளத்துக்காகப் பேசறவளா இருந்தா மொதல் தடவையே சரின்னு சொல்லியிருப்பாளேப்பா” என்றார். தௌசீஃப் தன் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார்.

ஓட்டிப் பார்க்க சாரே உட்கார்ந்தார். அக்கா பக்கத்தில். பெசன்ட் அவென்யூ காலியாகக் கிடந்தது. “மூணு செகண்ட் என்னன்னு பாத்துடறேன்” என்று ஆக்சிலரேட்டரை ஒரே மிதி. சத்தமே இல்லாமல் வண்டி பாய்ந்தது. சாரின் தலை சீட்டில் போய் ஒட்டிக்கொண்டது. மரங்கள் எல்லாம் பின்னால் ஓடின. இரண்டாவது செகண்டிலேயே அவர் பிரேக்கை மிதித்து ஓரம் கட்டிவிட்டார். நெற்றியெல்லாம் வியர்வை.

“நன்னா இருக்கு” என்றார். கர்சீப்பால் நெற்றியைத் துடைத்தார். “நீ இந்தப் பக்கம் வா.”

இடம் மாறினார்கள். சார் போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார். “ஜானு, வண்டி முடிஞ்சுடுத்து. டிரைவரும் முடிஞ்சுடுத்து.”

அக்காவின் கால் பெடலுக்கு எட்டவில்லை. சீட்டை முன்னால் நகர்த்திக்கொண்டாள். கதவில் ஒன்று, இரண்டு என்று பொத்தான்கள் இருந்தன. அமுக்கினால் அவரவர் உட்காரும் அளவை வண்டியே ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

“சார், ஒண்ணுல உங்க அளவ வெச்சிடறேன். எனக்கு ரெண்டு.”

“நான் எங்க ஓட்டப்போறேன்?” என்றார் சார், பெல்ட்டை இறுக்கிக்கொண்டே. “ஒண்ணுலயே உன்னுதை வை.”