தோய்க்கத் தேவையில்லாத சட்டை

புஷ்பராணி ஒரு மனிதரை எடைபோட முகத்தைப் பார்ப்பதில்லை. சட்டையைப் பார்ப்பாள். கொலர் எவ்வளவு கறுத்திருக்கிறது, கக்கம் எவ்வளவு மஞ்சளாகியிருக்கிறது, முழங்கைப் பக்கம் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வாள். அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

இந்த ஞானம் அவளுக்குத் தாலி கட்டியவரால் வந்தது. விமலநாதன் ஜேர்மனியின் எசன் நகரத்தில் மூன்று தமிழ்ச் சங்கங்களுக்குத் துணைத்தலைவர். ஒன்றுக்கும் தலைவரானதில்லை, தலைவரென்றால் வேலை செய்ய வேண்டியிருக்கும். ஞாயிறு தோறும் கூட்டம். வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல் போகும், மடிப்புக் கலையாமல் திரும்பி வரும். முப்பத்திரண்டு வருடமாக அதைத் தோய்த்து அயன் பண்ணியதில் அவள் கண்டுபிடித்தது ஒன்றுதான்: சட்டை அழுக்காகாத ஆம்பிளை சோற்றுக்கு நட்டம்.

அவளுடைய உடுப்பு அப்படியிருந்ததில்லை. ஜேர்மனிக்கு வந்த நாளிலிருந்து வங்கிகளின் தரை, பள்ளிக்கூடக் கழிப்பறை, ஓர் இத்தாலியக் கடையின் எண்ணெய்ச் சட்டி என்று எல்லாவற்றையும் உரஞ்சியிருக்கிறாள். எந்த இடத்திலும் ஒருவருக்கும் அவள் பெயர் தெரியாது. 'அந்தப் பொம்பிளை' என்பார்கள், அதையும் அவள் காதில் விழத்தான் சொல்வார்கள். ஐம்பத்தைந்தாவது வயதில்தான் நல்ல காலம் வந்தது. எசனிலிருந்து ரயிலில் அரை மணித்தியாலத் தூரத்தில், மூன்றாம் லீக்கில் தட்டுத் தடுமாறிக்கொண்டிருந்த ஓர் உதைபந்தாட்டக் கழகத்தில், பார்வையாளர் மேடைக்கு அடியில் இருக்கிற சலவைக்கூடம் அவளுடைய பொறுப்புக்கு வந்தது. கதவில் 'திருமதி விமலநாதன்' என்று பலகை போட்டார்கள். அதிலும் அந்த மனுசனுடைய பெயர்தான். ஆனாலும் சாவி இவளுடைய கையில்.

வேலை வருடாவருடம் புதுப்பிக்கிற வேலை. மூன்றாவது வருடம் கழக முகாமையாளர் கூப்பிட்டுச் சொன்னார்: இந்தப் பருவம் மூன்றாம் லீக்கில் தப்பி நின்றால் அவளுக்கு வேலை நிரந்தரம். நான்காம் லீக்குக்கு இறங்கினால் சலவைக்கூடத்தையே மூடிவிட்டு, உடுப்புகளை வெளியில் கொடுத்துத் தோய்ப்பார்கள். ஐம்பத்தெட்டு வயதில் வெளியே போனால் மறுபடியும் யாரோ ஒருவருடைய கழிப்பறைதான். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். அன்றிலிருந்து பந்து எந்தப் பக்கம் போனால் நல்லதென்று கூடத் தெரியாத அந்த மனுசி, சனிக்கிழமை தோறும் நயினாதீவு அம்மனுக்கு நேர்த்தி வைக்கத் தொடங்கினாள்.

தை மாதம் கழகம் கடைசியிலிருந்து மூன்றாவது இடத்தில் கிடந்தபோதுதான் சுவீடன்காரர் வந்தார்.

எரிக் ஸ்டென்வால். நடுக்கள வீரர், முப்பத்தொரு வயது. பதினேழு வயதில் சுவீடனின் வடக்கே ஒரு பனிப் பட்டினத்தில் தொடங்கி, அங்கே முதலாம் லீக்கில் ஒரு பருவம், இளையோர் தேசிய அணியில் இரண்டு ஆட்டம், பிறகு டென்மார்க், பிறகு நெதர்லாந்தில் இரண்டு வருடம் மாற்று வீரராக வாங்கிலில் இருப்பு, ஒரு முழங்கால் சத்திரசிகிச்சை, பிறகு ஜேர்மனியில் இரண்டாம் லீக்கில் ஒன்பது ஆட்டம். ஆறு கழகம், நாலு நாடு. வாடகை வீட்டில் நிலைக்காத குடும்பம் மாதிரி ஒரு வாழ்க்கை. இதைத்தான் கழகம் பத்திரிகையில் 'அனுபவம்' என்று போட்டது.

அவருடைய ஆறாம் இலக்கச் சட்டை முதல் சனிக்கிழமையே புஷ்பராணியின் கைக்கு வந்தது. வெளியே பனியும் மழையும் கலந்து, மைதானம் உழுத வயலாகக் கிடந்தது. பின்வரிசையில் ஆடுகிற மைக்கெலுடைய சட்டையில் எது துணி, எது சேறு என்று தெரியவில்லை. அதைக் கண்டால் அவளுக்கு அவ்வளவு சந்தோசம். கறை எடுக்கிற பித்தச் சவர்க்காரம் போட்டு, பெற்ற பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி உரஞ்சுவாள். ஆறாம் இலக்கத்தில் வியர்வை இருந்தது, வேறொன்றும் இல்லை. அடுத்த கிழமையும் இல்லை. அதற்கடுத்த கிழமை இடைவேளையில் மாற்றிய சட்டை, பிறகு போட்ட சட்டை, இரண்டும் துப்பரவு.

"பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து எண்டு இவரைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கினம்," என்று சலவை இயந்திரத்துக்குச் சொன்னாள். அன்றிலிருந்து அவருக்குப் பெயர் 'சுவீடன் துரை'.

துரை வந்த பிறகு கழகம் பதின்மூன்றாம் இடத்துக்கு ஏறியது. அதை அவள் கவனித்தாள், நேர்த்தி பலித்ததென்று நினைத்தாள். எதிரணிக்கு நடுவால் வழி கிடைக்கவில்லை என்பதோ, துரை நிற்கிற பக்கமாகப் பந்து வந்தால் அங்கேயே நின்றுவிடுகிறது என்பதோ சட்டையில் தெரிகிற விசயங்களில்லை.

பங்குனியில் நிசாந் கைத்தொலைபேசியோடு சலவைக்கூடத்துக்கு வந்தான். கழகத்தின் இணையப் பக்கங்களைப் பார்க்கிறவன். முப்பத்தைந்து வயது, டோட்முண்டில் பிறந்தவன், தமிழ் விளங்கும், கதைக்கும்போது பாதி வழியில் ஜேர்மன் ஏறிவிடும். திரைக்குப் பின்னால் வேலை செய்கிறவர்களைப் பற்றி ஒரு வீடியோ எடுக்க வேண்டுமாம்.

"அன்ரி, சும்மா உங்கட வேலையைப் பற்றிச் சொல்லுங்கோ. தமிழிலேயே சொல்லுங்கோ, நான் கீழ ஜேர்மனில போடுறன்."

புஷ்பராணி கொண்டையைச் சரிசெய்துகொண்டு, முதலில் மைக்கெலின் சட்டையைத் தூக்கிக் காட்டினாள். "இது உழைக்கிற பிள்ளையின்ர சட்டை." பிறகு ஆறாம் இலக்கத்தைத் தூக்கினாள். நிசாந் நிறுத்தியிருக்கலாம். அவன் சிரித்துக்கொண்டு கிட்டவாக வந்தான்.

"இதைப் பாருங்கோ. தோய்க்கத் தேவையில்லை! மடிச்சு வைச்சால் வாற கிழமையும் போடலாம். இவர் விளையாட வந்தவரோ, கலியாண வீட்டுக்கு வந்தவரோ?"

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இரண்டு நாளில் இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். எசன் தமிழ்க் கடையில் மரக்கறி வாங்கப் போனவளை மறித்து நின்று படம் எடுத்தார்கள். விமலநாதன் மூன்று சங்கங்களிலும் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டிவிட்டு, தனக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறதென்று நம்பத் தொடங்கினார். கழக முகாமையாளர் அவளுடைய தோளில் தட்டினார். முப்பது வருடமாக ஒருவரும் பெயர் கேட்காத மனுசிக்கு இது கள்ளுக் குடித்த மாதிரி இருந்தது. துரைக்கு எப்படி இருந்தது என்று அவள் யோசிக்கவேயில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கெடுவதற்கு முன்னால் அது எவ்வளவு சந்தோசமாகக் கத்துகிறது என்பதை யாரும் சொல்வதில்லை.

அடுத்த ஆட்டத்துக்கு ஆறாயிரம் பேர் வந்தார்கள், பாதிப் பேருடைய கையில் சவர்க்காரப் பெட்டி. துரையின் காலில் பந்து பட்ட போதெல்லாம் பெட்டியை ஆட்டிக்கொண்டு பாடினார்கள்: தோய்க்கத் தேவையில்லை, தோய்க்கத் தேவையில்லை. ஜேர்மன்காரர் அதைத் தமிழிலேயே பாடினார்கள். தமிழ் வளர்ந்த இடங்களில் இதுவும் ஒன்று.

இரண்டு ஆட்டம் துரை பொறுத்தார். மூன்றாவது ஆட்டத்தில், தேவையேயில்லாத ஓர் இடத்தில், இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு சேற்றில் சறுக்கினார். எதிரணிக்காரன் விழுந்தான், நடுவர் மஞ்சள் அட்டை காட்டினார், மேடை முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. அந்தக் கைதட்டலைக் கேட்ட பிறகு அந்த மனுசன் நின்ற இடத்தில் நிற்கவில்லை. எல்லாப் பந்துக்கும் ஓடினார், எல்லாப் பந்துக்கும் விழுந்தார். ஆறாம் இலக்கம் சேறாகி, புல்லாகி, ஒருநாள் முழங்கைப் பக்கம் கிழிந்தும் வந்தது.

"பார்த்தனியே?" என்று புஷ்பராணி நிசாந்திடம் பெருமையடித்தாள். "நான் வாய் திறந்தாப் பிறகுதான் மனுசன் விளையாடத் தொடங்கியிருக்கிறார்."

"ஓம் அன்ரி," என்றான் நிசாந். "ஆனால் நாங்கள் இப்ப தொடர்ந்து நாலு ஆட்டம் தோத்திட்டம்."

"அது மற்றவை சரியில்லை."

பதின்மூன்றாம் இடம் பதினாறாம் இடமானது. கடைசி ஆட்டத்தில் சமநிலை எடுத்தால் போதும், தப்பிவிடலாம் என்ற நிலை. புஷ்பராணி வீரர்கள் வெளியே வருகிற வாசலில் மாற்றுச் சட்டைகளை அணைத்துக்கொண்டு நின்றாள். எழுபதாவது நிமிடம் வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. ஏற்கெனவே ஒரு மஞ்சள் அட்டை வாங்கியிருந்த துரை, எல்லைக்கோட்டுக்கு வெளியே போய்க்கொண்டிருந்த ஒரு பந்துக்காக, இவளுக்கு முன்னாலேயே வந்து சறுக்கினார். இரண்டாவது மஞ்சள், அதோடு சிவப்பு. பத்துப் பேராக நின்ற அணிக்கு எண்பத்து நான்காவது நிமிடத்தில் கோல் விழுந்தது, துரை வழக்கமாக நிற்கிற இடத்தால்தான் பந்து வந்தது. கழகம் நான்காம் லீக்குக்கு இறங்கியது. மேடையில் இருந்தவர்கள் சவர்க்காரப் பெட்டிகளை மைதானத்துக்குள் எறிந்துவிட்டுப் போனார்கள்.

திங்கட்கிழமை வீரர்கள் உடுப்புகளைத் திருப்பிக் கொடுக்கிற நாள். துரை கடைசியாக வந்தார். புஷ்பராணி வாசலை மறித்து நின்றாள். தனக்குத் தெரிந்த ஜேர்மனை எல்லாம் திரட்டிக் கேட்டாள்.

"வெளியில் போகிற பந்துக்கு ஏன் விழுந்தீர்கள்? என் வேலை போய்விட்டது, தெரியுமா?"

அவர் பையை வாங்கிலில் வைத்தார். கோபம் இருப்பதாகத் தெரியவில்லை.

"நீங்கள்தானே கேட்டீர்கள்," என்றார். "திருமதி விமலநாதன், பதினாலு வருடமாக இதுதான் என் தொழில். பந்து எங்கே வரப்போகிறதென்று பார்த்து முதலே போய் நிற்க வேண்டும். நேரத்துக்குப் போனவனுக்கு விழ வேண்டியதில்லை. பிந்திப் போனவன்தான் விழுவான். மைக்கெல் நல்ல பிள்ளை. ஆனால் எப்போதும் பிந்தித்தான் போவான். சட்டை அழுக்காகாமல் வீட்டுக்குப் போனால் எனக்கு அது நல்ல நாள்."

அவளுக்கு அந்த ஜேர்மன் முழுவதும் விளங்கியது. விளங்காமல் இருந்திருக்கலாம்.

"பிறகேன் விழுந்தீர்கள்?"

"ஆறாயிரம் பேர் சிரித்தால் நானும் மனுசன்தான்," என்றார். இத்தனை வயதில், இத்தனை நாட்டில் ஆடியவருக்கு அந்தச் சிரிப்பைத் தாங்குகிற தைரியம் இருக்கவில்லை. அதைச் சொல்லும்போது அவருக்கே வெட்கமாக இருந்தது. பையின் சங்கிலியை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். பிறகு நோர்வேயில் ஒரு சின்னக் கழகத்தில் சேர்ந்ததாக நிசாந் சொன்னான்.

ஆனி மாதக் கடைசியில் புஷ்பராணி சாவியைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அவர்களுடைய வீட்டில் நடந்தது. துணைத்தலைவருடைய மனுசியின் வேலை போனதென்றால் சங்கத்துக்கே இழப்பல்லவா? நாலைந்து பேர் வந்து தேத்தண்ணியும் வடையுமாக இருந்தார்கள். சுவீடன்காரனைப் பற்றித்தான் கதை. சோம்பேறி என்றார் ஒருவர். காசுக்கு வந்து காலை வாரிவிட்டுப் போனவன் என்றார் இன்னொருவர். விமலநாதன் வெள்ளைச் சட்டையில் சாய்ந்திருந்து முடிவுரை சொன்னார்.

"அந்தச் சுவீடன்காரனாலதான் என்ர மனுசிக்கு வேலை போனது. அவள் அண்டைக்கே சரியாச் சொன்னவள்."

வடைத் தட்டோடு நின்ற புஷ்பராணிக்கு வாயை மூடிக்கொண்டு இருக்க நல்ல வசதி இருந்தது. ஆறு மாதத்துக்கு அனுதாபம் கிடைத்திருக்கும். அவளால் ஏலாமல் போனது.

"அவரால இல்லை," என்றாள். "என்னால. அவர் ஒழுங்காத்தான் விளையாடினவர். நான்தான் சட்டையைப் பார்த்துக் கதைச்சு, மனுசனைக் கெடுத்தனான்."

ஒருவர் கடித்த வடையைத் தட்டில் வைத்தார். பிறகு விமலநாதன் பெரிதாகச் சிரித்தார், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"விசர்க் கதை கதையாதையும். உமக்குப் பந்தைப் பற்றி என்னப்பா தெரியும்?"

"ஒண்டும் தெரியாது," என்றாள் புஷ்பராணி. முப்பத்திரண்டு வருடத்தில் அந்த மனுசன் சொன்ன ஒன்றை அவள் ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.