வெறும் தண்ணீரில் முளைத்தவை

எண்பதுகளில் காரைக்காலில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில், ஈஸ்ட் வித்துகள் முளைப்பதை நுண்ணோக்கியில் எண்ணிக்கொண்டிருந்தேன். சர்க்கரை கிடைத்தால்தான் அவை முளைக்கும். வெறும் தண்ணீரில் அப்படியே உறங்கும். அன்று தண்ணீர் மட்டும் ஊற்றிய சோதனைக் குழாயிலும் முளைத்திருந்தன.

"ஒரு குழாயக் கழுவத் தெரியாதா?" என்று, பட்டினச்சேரியிலிருந்து வரும், என் அப்பா வயது அட்டெண்டர் மேல் எரிந்து விழுந்தேன். அவர் வீட்டுக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு, எல்லாக் குழாய்களையும் மறுபடி கழுவினார்.

அவர் போன பிறகுதான் உறைத்தது. காலையில் அவர் கொண்டுவந்த டீயில், கரண்டி இல்லாமல், சர்க்கரை கலக்கிய கண்ணாடிக் குச்சியை, கழுவாமல் அந்தத் தண்ணீரில் விட்டுக் கலக்கியது நான்தான்.

மறுநாள் மன்னிப்புக் கேட்க நாக்கு எழவில்லை. அவர் டீயைக் கொண்டுவந்து வைத்தார்.

"இன்னைக்குக் கரண்டியும் கொண்டாந்திருக்கேங்க, சார்."